கொய்ங்ங்ங்!

"ஹலோ... மைக் டெஸ்ட்டிங்... ஒன்... டூ... த்ரீ..."

நான் பிறந்ததும் காதில் விழுந்த முதல் வாசகம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். அப்பா காரைக்குடியில் மைக்செட் வைத்திருந்தார். கட்டிலுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், பரணில் ஒயர்ச் சுருள், திண்ணையில் குழாய் ஸ்பீக்கர். ஓர் ஆவணி மாசம், முகூர்த்த நேரம் பார்த்து, குழாய்க்குள் பூனை குட்டி போட்டுவிட்டது. அம்மா பத்து நாளைக்கு அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அப்பா ஒற்றைக் குழாயை வைத்துக்கொண்டு மூன்று கல்யாணத்தை ஒப்பேற்றினார்.

மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் பால்குடமா, கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழாவா, செட்டியார் வீட்டுக் கல்யாணமா, காது குத்தா, கட்சிக் கூட்டமா, அப்பா இருப்பார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் குன்றக்குடி தாண்டும் வரை அவர் செட்டில் முருகன் பாட்டு ஓடும். எந்தக் கூட்டத்திலும் அவரைத் தேட வேண்டியதில்லை. எங்கே எல்லோரும் மேடையைப் பார்க்கிறார்களோ, அங்கே ஒரே ஒரு ஆள் மட்டும் ஒரு குமிழைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர்தான்.

அப்பாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி. கூவல்.

நீங்கள் கேட்டிருப்பீர்கள். தலைவர் மைக்கைப் பிடித்து "அன்பார்ந்த" என்று ஆரம்பிப்பார். "கொய்ங்ங்ங்!" என்று ஒரு சத்தம் வரும். ஜனங்கள் காதைப் பொத்துவார்கள். மைக்கில் விழுந்த சத்தம் ஆம்ப்ளிஃபயரில் பெருத்து ஸ்பீக்கரில் வெளியே வருகிறது. வந்த சத்தம் மறுபடி மைக்கிலேயே விழுகிறது. மறுபடி பெருக்கிறது. மறுபடி விழுகிறது. செட்டிநாட்டுக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். வட்டிக்கு வட்டி.

"கூவ விடுறவன் மைக்செட்காரன் இல்லடா, மண்வெட்டிக்காரன்" என்பார் அப்பா. கூவல் வருவதற்கு முன்னால் ஸ்பீக்கரில் மெல்லிசாக ஒரு ரீங்காரம் கேட்குமாம். அது நம் காதில் விழாது, அவர் காதில் விழும். உடனே குமிழை அரைக்கால் திருப்பு திருப்புவார், அல்லது ஓடிப்போய் மைக்கை வேறு பக்கம் திருப்பி வைப்பார். "முப்பது வருஷத்துல என் செட்டு ஒருதரம் கூவினதா எவனாச்சும் சொல்லட்டும்" என்று மீசையை நீவுவார். எவனும் சொன்னதில்லை.

இப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த நான் என்ன ஆனேன்? பெங்களூரில் சாஃப்ட்வேர் டெஸ்ட்டர் ஆனேன். அது போகட்டும். காசு கொடுத்துக் கூவல் கேட்கிறவனாகவும் ஆனேன்.

ஷூகேஸ் என்று ஒரு சங்கீதம் இருக்கிறது சார். 1980-களின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பியது. கிட்டார் வாசிக்கிற பையன்கள் ஜனங்களை ஏறிட்டே பார்க்க மாட்டார்கள். குனிந்த தலை நிமிராமல் காலடியைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார்கள். வெட்கம் பாதி. மீதிக்குக் காரணம், தரையில் வரிசையாக வைத்திருக்கும் பெடல்களைக் காலால் அழுத்திச் சத்தத்தை மாற்றவேண்டும், பார்க்காமல் அழுத்தினால் வேறெங்காவது போய்விடும். 'செருப்பைப் பார்க்கிறவர்கள்' என்று பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். கேலியே பெயராகிவிட்டது. எங்கள் ஆபீஸ் கேண்டீனில் எனக்கு விழுந்த பட்டப்பெயரும் அப்படித்தான் நிலைத்தது. அது இங்கே வேண்டாம்.

இந்தக் கோஷ்டியில் பெரிய கை, டப்ளினில் 1983-ல் தொடங்கிய மை ப்ளடி வாலண்டைன். 1991-ல் வந்த 'லவ்லெஸ்' என்கிற ஒரே ஆல்பத்துக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, பத்தொன்பது ஸ்டூடியோ மாறினார்கள். நம் ஊரில் அதற்குள் ஒரு தயாரிப்பாளர் துண்டு விரித்திருப்பார். 2008-ல் இவர்கள் மறுபடி மேடையேறியபோது வாசலிலேயே காதில் வைக்கிற அடைப்பான் கொடுத்தார்கள். கச்சேரி முடிவில் ஒரு பாட்டுக்கு நடுவே கால் மணி நேரம் ஒரே இரைச்சல். பாட்டே கிடையாது. புயலடிக்கிற மாதிரி.

இன்னொரு கோஷ்டி ஸ்லோடைவ். 1993-ல் அவர்களுடைய ஆல்பத்தைக் கேட்ட ஒரு விமர்சகர், இதை இன்னொரு தடவை கேட்பதற்குக் கஞ்சித் தொட்டியில் மூழ்கிச் சாகலாம் என்கிற அர்த்தத்தில் எழுதினார். 1995-ல் கம்பெனி கைவிட்டது. பிரிந்து போனார்கள். 2014-ல் திரும்பி வந்தால், பழைய பேரன்மாரும் புதுப் பேத்திமாருமாகக் கூட்டம் அம்முகிறது. 2023-ல் வெளியிட்ட ஆல்பம் இங்கிலாந்தில் முதல் பத்துக்குள் வந்தது. கஞ்சித் தொட்டிக்காரர் என்ன சொன்னாரோ.

போஸ்ட்-ராக் என்பது இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. அதே கிட்டார், அதே டிரம்ஸ். ஆனால் பாட்டு, பல்லவி, சரணம் எல்லாம் பெரும்பாலும் கிடையாது. மெல்ல ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஏறிக்கொண்டே போய் உச்சியில் வெடிக்கும். 1994-ல் சைமன் ரெனால்ட்ஸ் என்கிற விமர்சகரின் எழுத்தால் இந்தப் பெயர் பரவியது. ஸ்காட்லாந்தில் மோக்வாய், டெக்சாஸில் எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை, ஜப்பானில் மோனோ. ஐஸ்லாந்தில் சிகுர் ரோஸ் என்ற கோஷ்டிக்காரர் கிட்டாரை விரலால் மீட்டாமல் வில் போட்டு இழுக்கிறார்.

நம் ஊரிலும் இருக்கிறார்கள். அகமதாபாத்தில் ஆரம்பித்துப் புனேயில் நிலைகொண்ட ஆஸ் வீ கீப் சர்ச்சிங். 'க்வாப்', 'ஜியா', 'ரூஹ்' என்று 2015, 2017, 2019-ல் மூன்று ஆல்பம். ஹிந்தியில் கொஞ்சமாகப் பாடுவார்கள். எனக்கு ஹிந்தி தெரியாது. அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அந்த 2019-ல்தான் அப்பாவைப் பெங்களூருக்கு வரவழைத்தேன்.

கடையை அவர் 2011-லேயே மூடியிருந்தார். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் சட்டம் வந்தது. பிறகு குழாய் ஸ்பீக்கருக்குக் கெடுபிடி. போலீஸ் வந்து குழாயைக் கழற்றிக்கொண்டு போகும். பிறகு டிஜே பையன்கள் ஆள் உயர பாக்ஸோடு வந்துவிட்டார்கள். "இனிமே நம்ம பொழப்பு ஓடாது" என்று அப்பா ஆம்ப்ளிஃபயரைத் தேவகோட்டைக்காரர் ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டார். சட்டத்தால் தொழில் போச்சு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. ஸ்கூலில் எனக்கு 'ஒன் டூ த்ரீ' என்று பேர். வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுத்தால் பின் பெஞ்சிலிருந்து ஒரு பயல் "ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" என்பான். கிளாஸே சிரிக்கும். காலேஜில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் 'எலெக்ட்ரானிக்ஸ் பிசினஸ்' என்று சொல்லிவைத்திருந்தேன். கடையை மூடினார் என்று அம்மா போனில் சொன்னபோது, "நல்லதாப் போச்சும்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஏன், எப்படி என்று கேட்கவில்லை.

எட்டு வருஷம் கழித்து அம்மாவிடமிருந்து ஒரு போன். "டி.வி. சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்குதுடா. பால்காரன் வாசல்ல நின்னு நியூஸ் கேட்டுட்டுப் போறான். உங்கப்பாகிட்ட சாப்பிட வாங்கன்னா, 'யாரு, சுப்பிரமணியா?'ங்கிறாரு. யாரு அந்தச் சுப்பிரமணின்னு எனக்கே பயமா இருக்கு."

லால்பாக் பார்க்கலாம் என்று சொல்லி வரவழைத்து, காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறை. அப்பா தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அமுக்கவேண்டும். அப்பா பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி நெற்றியைச் சுருக்கி உட்கார்ந்திருந்தார். ஆரம்பத்தில் டக் டக்கென்று அமுக்கினார். பிறகு நின்றுவிட்டது. வெளியே இருந்த பெண் குமிழைத் திருப்பிக்கொண்டே போனாள். எனக்கு வெளியிலேயே லேசாகக் கேட்கிறது மாதிரி இருந்தது. அப்பா அமுக்கவில்லை. என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, என்ன இன்னும் ஆரம்பிக்கலையா என்று கையால் கேட்டார்.

வந்த கோடு இடது பக்கம் சமதரையாக இருந்து, 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கிணறு மாதிரி இறங்கியிருந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். உள்காதில் பதினைந்தாயிரம் சொச்சம் நுண்மயிர் செல்கள் இருக்கின்றன. பெரிய சத்தத்தில் அவை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். தலைமுடியாவது விக் வைக்கலாம், இது மறுபடி முளைக்காது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை பார்க்கலாம். மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபலுக்குக் கால் மணிதான் கணக்கு. சத்தத்திலேயே வேலை பார்க்கிறவர்களுக்கு முதல் பள்ளம் விழுகிற இடம் அந்த 4000 பக்கம்தான். ச, ஸ, த மாதிரி எழுத்துகளின் கூர்மை மேலே இருக்கிறது. அதனால் பேசுவது கேட்கும், ஆனால் என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடாது.

அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும், "மெஷினு பழசுடா. மைக்செட்காரனுக்கே சவுண்டு டெஸ்ட்டா?" என்றார். காது மெஷின் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் இந்திராநகரில் கச்சேரி. ஒரு மாசம் முன்னாலேயே டிக்கெட் வாங்கியிருந்தேன். அப்பாவை ரூமில் தனியாக விடவும் மனசில்லை. கூடத் தங்கியிருந்தவன் கழன்றுகொண்டதால் இன்னொரு டிக்கெட்டும் இருந்தது.

"அப்பா, ஒரு கச்சேரி இருக்கு. வர்றீங்களா?"

"யாரு?"

"ஷூகேஸ்ப்பா."

"செருப்பு வைக்கிற பெட்டியா?"

"இல்லப்பா, அது ஒரு மியூசிக்."

"டிக்கெட் எம்புட்டு?"

"ஐநூறு."

"ஐநூறா! ரெண்டு நாளு கல்யாணத்துக்கு செட்டு வாடகைடா அது" என்றார். ஆனால் கச்சேரி என்றதும் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாசலில் மணிக்கட்டில் முத்திரை குத்தினார்கள். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே முந்நூறு பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் கறுப்புச் சட்டை, பாதிப் பேர் தாடி.

"எல்லாரும் சபரிமலைக்கு மாலை போட்ருக்காய்ங்களா?"

"இல்லப்பா. இதுதான் இவங்க யூனிஃபார்ம்."

"நாற்காலி?"

"நின்னுக்கிட்டேதான்ப்பா."

முதலில் உள்ளூர்ப் பையன்கள் நாலு பேர். சுத்தமான ஷூகேஸ். கிட்டார் சத்தம் மழைத் திரை மாதிரி இறங்கியது. அதற்குள் எங்கேயோ ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். இந்தச் சங்கீதத்தில் குரலை வேண்டுமென்றே உள்ளே அமுக்கிவிடுவார்கள். அதுவும் ஒரு வாத்தியம் மாதிரி, வார்த்தை தெரியக்கூடாது. அப்பா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தப் புள்ள மைக்கு வேலை செய்யலடா!"

"செய்யுதுப்பா. அப்படித்தான் வைப்பாங்க."

"பாடுறது கேக்காமயா? அப்ப எதுக்குப் பாடுது?"

நான் பதில் யோசிப்பதற்குள் ஆளைக் காணோம். திரும்பிப் பார்த்தால், ஹாலின் பின்பக்கம் சவுண்ட் மேடையில், கறுப்புச் சட்டைகளுக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளை வேட்டி. முதுகு சில்லிட்டுவிட்டது. ஓடினேன். பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. மிக்ஸரில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். ஓசூர்ப் பக்கத்துத் தமிழ்ப்பையன். அப்பா மைக்செட்காரர் என்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"முப்பத்திரண்டு சேனல் அங்கிள்."

"நம்மகிட்ட ரெண்டு மைக்கு, ஒரு குமிழு" என்றார் அப்பா. "அந்தப் புள்ளைய ஏத்தினா கூவிரும்னு இறக்கி வச்சிருக்கியா?"

"இல்ல அங்கிள், அவங்கதான் கம்மியா கேட்டாங்க."

அப்பா அவனை அனுதாபத்தோடு பார்த்தார். பார்ட்டி சொன்னதைத்தானே செய்யவேண்டும். ஆயிரம் கல்யாணத்தில் அனுபவப்பட்டவர். பக்கத்தில் சின்னக் கருவியில் 103 என்று சிவப்பில் எரிந்தது. என்ன அது என்று கேட்டார். டெசிபல் என்றான் பையன். காலையில் டாக்டர் சொன்ன வார்த்தை. அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் மேஜையிலிருந்து ஒரு ஜோடி ஆரஞ்சுக் கலர் நுரை அடைப்பானை எடுத்து அவருக்குக் கொடுத்தான். அவர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு புனேக்காரர்கள் வந்தார்கள். மெல்லத்தான் ஆரம்பித்தார்கள். ஒரு கிட்டார், ஒரே சுரம், திரும்பத் திரும்ப. அதன்மேல் இன்னொன்று. அப்பாவுக்கு இது பிடிபட்டுவிட்டது.

"ஆலாபனைடா" என்றார் என் காதில்.

எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற அரியக்குடியில் பிறந்த ராமானுஜ ஐயங்கார்தான் இன்றைய கச்சேரிக்கு ஒரு வரிசை போட்டுக் கொடுத்தவர். முதலில் வர்ணம், அப்புறம் கீர்த்தனைகள், நடுவே விஸ்தாரமாக ராகம், கடைசியில் துக்கடா. ஜனங்கள் எப்போது நிமிர்ந்து உட்காருவார்கள், எப்போது காப்பிக்கு எழுந்து போவார்கள் என்று தெரிந்து போட்ட வரிசை. இந்தப் புனே பையன்களுக்கு அரியக்குடியைத் தெரிந்திருக்காது. ஆனாலும் எங்கே அடக்கவேண்டும், எங்கே அவிழ்த்து விடவேண்டும் என்கிற கணக்கு அதேதான். கச்சேரிக்கு செட் போட்டால், தம்புரா மைக்கில் விழணும், ஆனால் தனியாகத் தெரியக்கூடாது என்பார் அப்பா. இங்கே கிட்டார்களின் இரைச்சல் அந்தத் தம்புரா மாதிரி எல்லாவற்றுக்கும் அடியில் நின்றது.

பத்தாவது நிமிஷம் டிரம்ஸ் இறங்கியது. அப்பா நெஞ்சில் கை வைத்தார். வலியோ என்று நான் பதறினேன். இல்லை. சிரித்துக்கொண்டிருந்தார். மெல்ல நடந்துபோய், மேடை ஓரத்தில் இருந்த பெரிய பாக்ஸின் மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பது மாதிரி.

கடைசி உருப்படி. எல்லாம் உச்சிக்குப் போய் வெடித்தது. அப்புறம் கிட்டார்க்காரர் திரும்பி, கிட்டாரைக் கொண்டுபோய் ஆம்ப்ளிஃபயர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

கொய்ங்ங்ங்ங்!

அப்பா எதை முப்பது வருஷம் தடுத்து நிறுத்தினாரோ அதை அந்த மனுஷன் ஆசையாகக் கூப்பிட்டு வளர்த்துக்கொண்டிருந்தார். கிட்டாரைக் கொஞ்சம் சாய்த்தால் ஒரு சுரம், நகர்த்தினால் இன்னொரு சுரம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அப்பா மேடையைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முகமாக, வரிசையாக, ஏதோ தொலைத்தவர் மாதிரி.

என் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, இப்பக் கூவுதா?"

"என்னப்பா?"

"அந்தப் பயலு கிட்டாரக் கொண்டுபோயி ஆம்ப்ளி மூஞ்சில காட்டுறான். கூவணும். ஒருத்தனும் காதைப் பொத்தலையே. கூவுதா, கூவலையா?"

இந்தக் கேள்வியை அவர் வேறு எந்த இடத்தில் கேட்டிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. முந்நூறு பேர் தலைக்குள் ஊசியாக இறங்கிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில் நின்று கேட்டார்.

"கூவுதுப்பா" என்றேன். "வேணும்னேதான் கூவ விடுறாங்க."

"அப்படியா" என்றார். சட்டைப்பையிலிருந்து அந்த ஆரஞ்சு அடைப்பானை எடுத்தார். ஒன்றை விரலால் உருட்டி மெலிதாக்கி என் இடது காதில் வைத்தார். பிறகு வலது காதில். சின்ன வயசில் எண்ணெய் விட்ட பிறகு பஞ்சு வைப்பாரே, அந்த மாதிரி.

கச்சேரி முடிந்து, ஒரு தள்ளுவண்டிக்கடையில் டீ வாங்கிக்கொண்டு நடைபாதை ஓரமாக உட்கார்ந்தோம்.

"2011-ல நம்ம கடைசிக் கல்யாணம் ஞாபகம் இருக்கா?"

"நான் காலேஜ்லப்பா."

"பெரிய வீடு. வளவுல நிக்க இடமில்ல. திருப்பூட்டுற நேரம். நாயனக்காரருக்கு மைக்கு வச்சிருந்தேன். திடீர்னு எல்லாரும் காதைப் பொத்துறாய்ங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல. நான் பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒரு சின்னப் புள்ள வந்து வேட்டியப் பிடிச்சு இழுத்து, 'தாத்தா, உங்க டப்பா கத்துது'ங்குது. பதறிப்போயிக் குமிழத் திருப்பினேன் பாரு, ஏத்திப்புட்டேன்."

டீயை ஊதினார்.

"நாயனக்காரரு வாசிக்கிறத நிப்பாட்டிட்டாரு. அந்த நேரத்துல நிப்பாட்டலாமா? அந்த வீட்டு ஆச்சி ஒண்ணும் சொல்லல. பேசின பணத்துக்கு மேல நூறு ரூவா வச்சுக் குடுத்துச்சு. அதாண்டா தாங்க முடியல. மறுநாளே முடிவு பண்ணிட்டேன்."

"போலீஸ் கெடுபிடின்னு சொன்னீங்களே?"

"போலீஸ் மேல போட்டா யாரும் மேக்கொண்டு கேக்க மாட்டாய்ங்க." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "அதுக்கு முன்னாடியே நாலஞ்சு வருஷமா எனக்கு அந்த ரீங்காரம் கேக்கலடா. ஆளுக மூஞ்சியப் பாத்துத்தான் செட்டு போட்டேன். எவனாச்சும் புருவத்தைச் சுருக்கினா உடனே இறக்கிருவேன். அந்தக் கல்யாணத்துல எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளையப் பாத்துக்கிட்டு என் பக்கம் முதுகக் காட்டி நின்னாய்ங்க. அதான் மாட்டிக்கிட்டேன்."

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று வாய்வரை வந்தது. நான்தான் "நல்லதாப் போச்சும்மா" என்று சொன்னவன் ஆயிற்றே. டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா, நீ இந்தக் கச்சேரிக்கெல்லாம் அடிக்கடி போவியா?"

"மாசம் ஒண்ணு, ரெண்டு."

"ராத்திரி வந்து படுத்தா காதுக்குள்ள வண்டு கத்துதா?"

கத்தும். ஒவ்வொரு கச்சேரிக்கும் பிறகு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள். கொய்ங் என்று மெல்லிசாக. கச்சேரி நன்றாக இருந்ததற்கு அடையாளம் என்று அதைப் பெருமையாக வேறு ஆபீஸில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"லேசாப்பா."

"எனக்கும் மொதல்ல ஒரு நாள்தான் கத்துச்சு. இப்ப இருபது வருஷமா நிக்கல. உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது." கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். "கச்சேரிக்குப் போ. வேணாங்கல. அந்த டிரம்ஸ் இருக்கே, தவிலு மாதிரி நெஞ்சுல வந்து விழுந்துச்சு. ரொம்ப நாளாச்சு. ஆனா காதுல அந்த ஆரஞ்சு மாத்திரைய வச்சுக்கிட்டுப் போ. எனக்குத்தான் அது அப்பத் தெரியாமப் போச்சு."

அடுத்த திங்கட்கிழமை அவரே கிளம்பி, அந்தப் 'பழைய மெஷின்' இருக்கிற இடத்துக்குப் போகலாம் என்றார்.

நான் இன்னமும் போகிறேன். இப்போதெல்லாம் சாவிக்கொத்தில் ஒரு சின்ன டப்பா தொங்குகிறது. உள்ளே ஒரு ஜோடி அடைப்பான். கச்சேரி அரங்கங்களில் பதினைந்து நிமிஷச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, வருகிறவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2022-ல் சொல்லிவிட்டது. அதைப் படித்தபோது எனக்கு ஓசூர்ப் பையன் ஞாபகம் வந்தது. அடைப்பானோடு கேட்டால் சங்கீதம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. டிரம்ஸ் எப்படியும் நெஞ்சு வழியாகத்தானே வருகிறது. ஹெட்போனில் பாட்டை முழுசாக ஏற்றி வைத்துக்கொண்டு வேலை பார்க்கிற பக்கத்து சீட்டுப் பையனிடம் மட்டும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். ஹெட்போனைக் கழற்றாமலே தலையாட்டினான்.

அப்பா காதுக்குப் பின்னால் இப்போது அவரைக்கொட்டை அளவில் ஒரு காது மெஷின். அதற்குள் ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஸ்பீக்கர். மூன்றையும் இத்தனை பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று மைக்செட்காரருக்குத் தெரியாதா? கையைக் காதருகே கொண்டுபோனால் கூவுகிறது. தலையணையில் சாய்ந்தால் கூவுகிறது. முதல் வாரம், "முப்பது வருஷம் கூவ விடாதவன் காதுலயே கூவுதுடா" என்று சிரித்துக்கொண்டார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் ஒழுங்காக வந்துவிடுகிறாராம். சுப்பிரமணி யார் என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவேன். ரிசீவரைக் காதில் வைத்ததும் மறுமுனையில் மெல்லிசாகக் கேட்கும்.

கொய்ங்ங்ங்...

"இருடா, இருடா, உன் செருப்புப்பெட்டிப் பயலுக வந்துட்டாய்ங்க" என்பார் அப்பா. போனை அரைக்கால் திருப்பு திருப்புவார். சத்தம் நின்றுவிடும்.

"ம். மைக்கத் திருப்பிட்டேன். இப்பச் சொல்லு."